குதிகால் நாட்டின் எண்ணெய்

உலக வரைபடத்தில் இத்தாலி நாட்டைப் பாருங்கள். மத்தியதரைக் கடலுக்குள் நீட்டிய பூட்ஸ் கால் போல அது தோன்றும். அந்தக் காலின் குதிகால் இருக்குமிடம்தான் சலெந்தோ. அதன் ஒரு பக்கம் ஏட்ரியாட்டிக் கடல். மறுபக்கம் அயோனியன் கடல். நடுவே சுண்ணாம்புப் பாறையும் செம்மண்ணும் கலந்த தட்டையான நிலம். பெரிய ஆறு எதுவும் அங்கே ஓடவில்லை. கோடையில் மழையும் அரிது. அந்த வறண்ட நிலத்தில் பல நூறு ஆண்டுகளாக நின்று காய்த்தவை ஆலிவ் மரங்கள். முறுக்கேறிய கயிறு போன்ற அடிமரமும் வெள்ளி பூசியதுபோன்ற இலையும் கொண்டவை அவை. சில மரங்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயதிருக்கும் என்று கருதுகிறார்கள்.

இந்த மரங்களின் எண்ணெய்க்கு ஒரு தனிப்பெயர் உண்டு: 'தெர்ரா தோத்ராந்தோ'. 'ஓத்ராந்தோ நாடு' என்பது அதன் பொருள். ஓத்ராந்தோ என்பது குதிகாலின் கிழக்குக் கரையில் உள்ள பழைய துறைமுகம். அந்த ஊரின் பெயராலேயே முன்பு இப்பகுதி முழுவதும் அழைக்கப்பட்டது. இன்று இந்தப் பெயர் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆனால் பெயருக்குக் காரணமான மரங்கள்தாம் பாதுகாப்பில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரி அவற்றின் தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிட்டது. அந்தக் கதையையும் அதற்குள் இருக்கும் இயற்பியலையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

விளக்குக்குப் போன எண்ணெய்

குதிகாலின் மேற்குக் கரையில் கல்லிப்போலி என்ற சிறு நகரம் உண்டு. கிரேக்க மொழியில் 'அழகிய நகர்' என்று பொருள். மின்விளக்கும் மண்ணெண்ணெயும் வருவதற்கு முந்தைய நூற்றாண்டுகளில், ஐரோப்பாவின் விளக்குகளுக்கு எண்ணெய் அனுப்பிய பெரிய துறைமுகங்களுள் இதுவும் ஒன்று. இங்கிலாந்து வரை பீப்பாய் பீப்பாயாக எண்ணெய் போயிற்று.

அங்கே எண்ணெய் ஆட்டும் செக்குகளைத் தரைக்கு மேலே வைக்காமல், மென்மையான பாறையைக் குடைந்து தரைக்கு அடியில் அமைத்திருந்தார்கள். ஏன் தெரியுமா? ஆலிவ் அறுவடை குளிர்காலத்தில் நடக்கும். குளிரில் எண்ணெய் கெட்டியாகிவிடும். மார்கழிக் காலையில் உறைந்து போன தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எண்ணிப் பாருங்கள். உறையாவிட்டாலும், வெப்பம் குறையக் குறைய எண்ணெயின் பாகுநிலை கூடும். அதாவது ஓட மறுக்கும். நிலத்துக்கு அடியில் குளிர்காலத்திலும் வெப்பநிலை பெரிதாக இறங்குவதில்லை. செக்கைச் சுற்றும் விலங்குகளின் உடல் வெப்பமும் எரியும் விளக்குகளின் வெப்பமும் அந்தக் குகைக்குள்ளேயே தங்கும். எண்ணெய் எளிதாக ஓடிவரும். பாகுநிலை என்ற சொல்லைக் கேள்விப்படாத அந்த உழைப்பாளிகள் அதன் விதியை நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஆனால் விளக்கில் எரிக்கும் எண்ணெய்க்குச் சுவை எதற்கு? மரத்திலிருந்து உதிர்ந்து தரையில் கிடந்த கனிகளைக் கூட்டிப் பெருக்கி, குவித்து வைத்து, பிறகு ஆட்டினார்கள். இத்தகைய எண்ணெய்க்கு 'லம்பாந்தே' என்று பெயர். விளக்குக்கானது என்று பொருள். சுத்திகரிக்காமல் உண்ணத் தகாத ஆலிவ் எண்ணெயை இன்றும் ஐரோப்பியச் சட்டம் இதே பெயரால்தான் குறிக்கிறது.

விளக்கு எண்ணெய்க்கு வேலை போன பிறகு, உண்ணத்தக்க நல்ல எண்ணெய் எடுப்பதில் உழவர்கள் கவனம் செலுத்தலானார்கள். அந்த முயற்சிக்குக் கிடைத்த பரிசுதான் மேலே சொன்ன பெயர்ப் பாதுகாப்பு.

பெயருக்கும் ஒரு வேலி

ஒரு பொருளின் தன்மை அது விளையும் மண்ணாலும் காற்றாலும் அவ்வூர் மக்களின் செய்முறையாலும் அமைந்தால், அந்த ஊரின் பெயரை வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் செய்யலாம். ஐரோப்பிய நாடுகள் 1992-இல் இதற்கு ஒரு பொதுவிதி செய்தன. நம் நாட்டில் 1999-இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். மதுரை மல்லிகைக்கு 2013-இல் கிடைத்த குறியீட்டை நீங்கள் செய்தித்தாளில் படித்திருக்கலாம்.

'தெர்ரா தோத்ராந்தோ' 1998-இல் பதிவு செய்யப்பட்டது. லெச்சே மாவட்டம் முழுவதும், தாரந்தோ, பிரிண்டிசி மாவட்டங்களின் சில பகுதிகளும் அதன் எல்லை. வேறோர் ஊரில் விளைந்த கனிக்கு இந்தப் பெயர் கிடையாது. எந்த மரம் என்பதும் விதியில் உண்டு. 'செல்லினா தி நார்தோ', 'ஒலியரோலா' என்ற இரண்டும் அந்த மண்ணின் பழைய வகைகள். கனிகளில் குறைந்தது நூற்றுக்கு 60 பங்கு இந்த இரு வகைகளாக இருக்கவேண்டும் என்று பதிவின்போது எழுதிவைத்தார்கள். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே பெரிய சிக்கலாக வரப்போகிறது.

கனிச்சாறுதான் எண்ணெய்

எள்ளிலும் நிலக்கடலையிலும் எண்ணெய் விதைக்குள் இருக்கிறது. ஆலிவில் அது பெரும்பாலும் கனியின் சதையில் இருக்கிறது. ஆகவே ஆலிவ் எண்ணெய் ஒருவகையில் பழச்சாறே. அந்தச் சாற்றை வேதிப்பொருள் எதுவும் சேர்க்காமல், சூடேற்றிக் கெடுக்காமல், இயந்திர முறையால் மட்டும் பிரித்து, அது எல்லாச் சோதனைகளிலும் தேறினால் 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்ற முதல்தரப் பட்டம் கிடைக்கும்.

பிரிப்பது எப்படி? முதலில் கனியைக் கொட்டையோடு நசுக்கிக் கூழாக்குகிறார்கள். கூழில் தண்ணீர், சக்கை, எண்ணெய் மூன்றும் உண்டு. எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறிக் கிடக்கும். எண்ணெயின் அடர்த்தி தண்ணீரினுடையதில் சுமார் 0.92 பங்கு. எனவே அது மேலே மிதந்து வரத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு வேகத்தில்?

ஸ்டோக்ஸ் என்ற அறிஞரின் விதி இதற்கு விடை தரும். துளி ஏறும் வேகம் அதன் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு ஆரமுள்ள எண்ணெய்த் துளி, வெறும் தண்ணீரில் 10 செ.மீ. ஏறுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். கெட்டியான கூழில் இன்னும் எத்தனையோ மடங்கு நேரம் வேண்டும். அதற்குள் கூழ் புளித்துவிடும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள். ஒன்று, கூழை அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் மெதுவாகக் கிண்டிக்கொண்டே இருப்பது. சிறு துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெருந்துளிகளாகும். ஆரம் இரண்டு மடங்கானால் வேகம் நான்கு மடங்கு. ஐந்து மடங்கானால் வேகம் இருபத்தைந்து மடங்கு! இரண்டாவது, புவியீர்ப்புக்குப் பதிலாக அதைவிட வலிய விசையைப் பயன்படுத்துவது. 20 செ.மீ. ஆரமுள்ள உருளையை நிமிடத்துக்கு 3000 சுற்று வீதம் சுழற்றுவதாகக் கொள்வோம். விளிம்பில் ஏற்படும் முடுக்கத்தை நீங்களே கணக்கிடலாம். புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 2000 மடங்கு வரும். மணிக்கணக்கில் ஆகவேண்டிய வேலை நிமிடக்கணக்கில் முடிந்துவிடும். இன்றைய ஆலைகளில் கல் செக்குக்குப் பதிலாக மையவிலக்கி வந்ததற்குக் காரணம் இதுதான்.

கூழைச் சூடாக்கினால் பாகுநிலை குறைந்து எண்ணெய் இன்னும் அதிகமாக வருமே என்று நீங்கள் கேட்கலாம். வரும். ஆனால் மணம் ஆவியாகப் போய்விடும்; காரச்சுவை தரும் பொருள்களும் காற்றுடன் வினைபுரிந்து அழியும். 27° செ.-க்கு மேல் சூடேறாமல் எடுத்தால்தான் 'குளிர்முறையில் எடுத்தது' என்று புட்டியில் அச்சிட அனுமதி உண்டு.

எண்ணெய்க்கு வைக்கும் தேர்வுகள்

முதல் தேர்வு அமிலத் தேர்வு. எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசரின் தண்டில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் தொங்கும் அமைப்பு. கனி அடிபட்டாலோ, அழுகினாலோ, நாள்கணக்கில் குவிந்து கிடந்தாலோ அதிலுள்ள நொதிகள் அந்தச் சங்கிலிகளை வெட்டிவிடும். வெட்டுப்பட்டவை தனி அமிலங்களாக எண்ணெயில் கலந்திருக்கும். ஆகவே தனி அமிலத்தின் அளவு, கனியை எவ்வளவு அக்கறையாகக் கையாண்டார்கள் என்பதைக் காட்டும் சான்றிதழ். முதல்தர எண்ணெயில் 100 கிராமுக்கு 0.8 கிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது. 2 கிராமைத் தாண்டினால் அது பழைய 'விளக்கெண்ணெய்' வகைக்கே போய்ச் சேரும்.

இரண்டாவது தேர்வு ஒளியைக் கொண்டு செய்வது. எண்ணெயில் ஒரு கிராமை எடுத்து, நிறமற்ற கரைப்பானில் கரைத்து 100 மி.லி. ஆக்குகிறார்கள். ஒரு செ.மீ. தடிப்புள்ள கலத்தில் ஊற்றி, 270 நானோமீட்டர் அளவான அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரைச் செலுத்துகிறார்கள். நல்ல எண்ணெய் இந்தக் கதிரைக் குறைவாகவே உட்கொள்ளும். சூடேற்றிச் சுத்திகரித்த எண்ணெயைக் கலந்திருந்தாலோ, எண்ணெய் மிகப் பழையதாக இருந்தாலோ, மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக அமைந்து கதிரை அதிகமாக விழுங்கும். அனுமதிக்கப்பட்ட எண் 0.22. மடக்கை படித்தவர்கள் கணக்கிட்டுப் பாருங்கள்: 100 பங்கு கதிரில் குறைந்தது 60 பங்கு வெளியே வரவேண்டும். கண்ணுக்குப் பொன்னிறமாகத் தெரியும் மோசடியை, கண்ணுக்குத் தெரியாத கதிர் காட்டிக்கொடுத்துவிடுகிறது!

மூன்றாவது தேர்வுக்குக் கருவி மனித நாக்கு. பயிற்சி பெற்ற எட்டு முதல் பன்னிரண்டு பேர் சுவைத்துப் பார்ப்பார்கள். எண்ணெயின் நிறத்தைக் கண்டு மனம் சாயக் கூடாது என்பதற்காக, அடர்ந்த நிறக் கண்ணாடிக் கிண்ணத்தில் தருவார்கள். பூசண வாடை, புளிப்பு போன்ற குறை எதுவும் தெரியக் கூடாது. கனியின் மணம் தெரியவேண்டும். நல்ல புது எண்ணெய் தொண்டையில் இறங்கும்போது சுருக்கென்று கரித்து இருமலை வரவழைக்கும். புதிதாகச் சுவைப்பவர்கள் இதைக் குறை என்று எண்ணுவார்கள். உண்மையில் அது நிறை. அந்தக் கரிப்புக்குக் காரணமான 'ஓலியோகாந்தால்' என்ற பொருள், இபுப்ரோஃபென் என்னும் வலி மாத்திரையைப் போலவே உடலின் சில நொதிகளைத் தடுக்கிறது என்று 2005-இல் அறிவியலறிஞர்கள் கண்டறிந்தார்கள்.

இவ்வளவு தேர்வுகளிலும் தேறி, பெயருக்கு வேலியும் போட்டுக்கொண்டு குதிகால் நாட்டு எண்ணெய் தலைநிமிர்ந்து நின்றது. பதினைந்தே ஆண்டுகள்தாம்.

காய்ந்த இலைகள்

கல்லிப்போலி நகரைச் சுற்றியுள்ள தோப்புகளில் சில மரங்களின் இலைகள் நுனியிலிருந்து கருகத் தொடங்கின. பிறகு கிளைகள் பட்டன. பிறகு மரமே எலும்புக்கூடாக நின்றது. வறட்சியோ, பூசணமோ, புழுவோ என்று பலவாறு எண்ணினார்கள். 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் உண்மையான காரணம் வெளிவந்தது. 'சைலெல்லா ஃபாஸ்டிடியோசா' என்ற பாக்டீரியா!

அமெரிக்கக் கண்டத்தில் இது பழைய பகைவன். கலிபோர்னியாவில் திராட்சைக் கொடிகளையும் பிரேசிலில் ஆரஞ்சு மரங்களையும் அழித்தது. ஐரோப்பாவின் தோட்டங்களில் இது வேரூன்றியதாக அதுவரை தெரியாது. மத்திய அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த காப்பிச் செடியோடு இது வந்திருக்கவேண்டும் என்று மரபணு ஆய்வுகள் சுட்டுகின்றன. ஒரு பூந்தொட்டி வழியாக ஒரு நாட்டின் தோப்புகளுக்குள் பகை புகுந்துவிட்டது.

இந்த உயிரியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். மரத்தில் இது வாழும் இடம் ஒன்றே ஒன்று: வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறும் சைலம் என்னும் குழாய்த்திசு. இது மரத்தை எப்படிக் கொல்கிறது என்பதை அறிய, மரம் எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்பதை முதலில் அறியவேண்டும்.

மரத்துக்குள் ஒரு நீர் இழை

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நுண்புழை ஏற்றச் சோதனையை ஆண்டுதோறும் செய்யவைக்கிறேன். மெல்லிய கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் நிறுத்தினால் தண்ணீர் சில செ.மீ. தானாகவே ஏறும். அதை அளந்து பரப்பு இழுவிசையைக் கணக்கிடவேண்டும். ஒரு முறை ஒரு மாணவர், "ஐயா, இதை வைத்துத்தானே மரமும் தண்ணீர் ஏற்றுகிறது?" என்று கேட்டார். "கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நீயே சொல்" என்றேன்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். மரக்குழாயின் ஆரம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கொள்வோம். நுண்புழை விசை தண்ணீரை ஏற்றும் உயரம் சுமார் 73 செ.மீ.! ஒரு சிறுவனின் இடுப்பளவு. ஆலிவ் மரமோ ஐந்து, பத்து மீட்டர் உயரம். காற்றின் அழுத்தத்தால் உறிஞ்சு பம்பு போல ஏறுகிறதா? அதற்கும் 10.3 மீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டி வளரும் மரங்கள் உலகில் எத்தனையோ உண்டு.

விடை இலையில் இருக்கிறது. இலையின் செல் சுவரில் உள்ள துளைகள் மரக்குழாயைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் நுண்ணியவை. ஒரு துளையின் ஆரம் 10 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் வளைந்து நிற்கும் நீர்ப்பரப்பு 140 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமான இழுப்பைத் தாங்கும். வெயிலில் இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது அந்தப் பரப்பு, கீழேயுள்ள நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பற்றிக்கொண்டிருப்பதால், இலை முதல் வேர் வரை ஒரே இழையாக மேலே வருகிறது. 1894-இல் டப்ளின் நகரில் டிக்சன், ஜோலி என்ற இருவர் இக்கருத்தை வெளியிட்டார்கள். தண்ணீரைக் கயிறு போல இழுக்கலாம் என்பதை அன்று பலர் நம்பவில்லை.

கயிறு என்றால் அறுபடும் அபாயமும் உண்டு. இழுவிசையில் இருக்கும் நீருக்குள் ஒரு காற்றுக்குமிழி புகுந்துவிட்டால் போதும். அது விரிந்து குழாயை நிரப்பிவிடும். அந்தக் குழாய் வழியே நீர் ஏறாது. மரத்தில் ஆயிரக்கணக்கான குழாய்கள் இருப்பதால், சில அறுந்தாலும் மரம் பிழைத்துக்கொள்கிறது.

இப்போது பாக்டீரியாவுக்கு வருவோம். அது குழாய்க்குள் பெருகி, பசை போன்ற படலத்தைக் கட்டிக்கொள்கிறது. படையெடுப்பை உணர்ந்த மரமும் தன் பங்குக்குப் பிசினைச் சுரந்து குழாயை அடைக்கிறது. மெல்லிய குழாயில் ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது என்ற புவாசேய் விதியை மேல்வகுப்பு மாணவர்கள் படித்திருப்பீர்கள். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகக் குறைவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும்! கீழிருந்து வரத்து குறைய, மேலே வெயிலின் இழுப்பு குறையாமல் இருக்க, இழை மேலும் மேலும் விறைக்கிறது. குமிழி புகுந்து அறுகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் மரம் தாகத்தால் சாகிறது. நீர்வழியின் கடைசி முனையாகிய இலை நுனி முதலில் கருகுவதற்குக் காரணமும் இதுதான்.

நுரைக்குள் வாழும் பூச்சி

ஒரு மரத்தின் குழாயிலிருந்து இன்னொரு மரத்தின் குழாய்க்கு இந்தப் பாக்டீரியா எப்படிப் போகிறது? அரை செ.மீ. நீளமுள்ள ஒரு பூச்சி இதற்கு வாகனம். இளம்பூச்சி புல்லிலும் களையிலும் எச்சில் போன்ற நுரையைக் கட்டிக்கொண்டு அதற்குள் வாழும். வளர்ந்ததும் மரத்துக்கு ஏறிக் குழாயில் ஊசிவாயைச் செருகி உறிஞ்சும்.

இதுவும் ஓர் இயற்பியல் வியப்பு. குழாயில் உள்ள நீர் ஏற்கெனவே மேல்நோக்கி இழுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து உறிஞ்சவேண்டுமானால் மரத்தைவிட வலுவாக இழுக்கவேண்டும். இந்தச் சிறு பூச்சியின் தலையிலுள்ள பம்பு 10 வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட இழுப்பை உண்டாக்குகிறது என்று 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நூறு மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து உறிஞ்சுகுழல் போட்டுக் குடிப்பதற்கு ஒப்பானது அது!

பூச்சியின் வழக்கத்தை அறிந்ததால் ஒரு பயனும் கிடைத்தது. நுரைக்குள் இருக்கும் பருவத்தில் அதற்குச் சிறகு இல்லை. வசந்தத்தில் தோப்பை உழுது களைகளை அழித்துவிட்டால் பூச்சியின் தொகை வெகுவாகக் குறையும். பழைய உழவு முறையே இங்கே மருந்தாயிற்று.

வெட்டுவதா, விடுவதா?

நோய் கண்ட மரத்திலிருந்து இந்தப் பாக்டீரியாவை முழுமையாக அகற்றும் மருந்து இதுவரை இல்லை. நோய் தொற்றிய மரம் பல மாதங்கள், சில வேளை ஓராண்டுக்கு மேலும், பச்சைப்பசேலென்றே நிற்கும். அந்தக் காலத்திலும் பூச்சி அதிலிருந்து நோயை எடுத்துச் செல்லும். ஆகவே 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கடுமையான விதி செய்தது. நோய் பரவும் எல்லைப் பகுதிகளில், நோயுற்ற மரத்தை மட்டுமன்றி, அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் நோய் பற்றக்கூடிய எல்லாச் செடி கொடி மரங்களையும் அகற்றவேண்டும் என்பது அது.

பாட்டனும் முப்பாட்டனும் காத்த மரத்தை, அதுவும் பார்வைக்கு நோயே இல்லாத மரத்தை, வெட்டு என்றால் யாருக்கு மனம் வரும்? மக்கள் மரங்களைச் சூழ்ந்துகொண்டு மறித்தார்கள். பாக்டீரியாதான் காரணமா என்றே பலர் ஐயுற்றார்கள். 2015 டிசம்பரில் லெச்சே நகர அரசு வழக்கறிஞர்கள் மரம் வெட்டுவதை நிறுத்திவைத்ததோடு, நோயை ஆராய்ந்த அறிவியலறிஞர்கள் மீதே விசாரணையும் தொடங்கினார்கள். 2016-இல் ஐரோப்பிய நீதிமன்றம் மரம் அகற்றும் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. அறிவியலறிஞர்கள் மீதான விசாரணை 2019-இல் கைவிடப்பட்டது.

இதற்குள் நோய் காத்திருக்கவில்லை. லெச்சே மாவட்டம் முழுவதும் பரவி, தாரந்தோ, பிரிண்டிசி வழியாகப் பாரி மாவட்டத்தின் தெற்கு எல்லை வரை சென்றது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் பாதிக்கப்பட்டதாக உழவர் அமைப்புகள் கணக்கிடுகின்றன. மரத்தைக் காக்க நின்றவர்களின் அன்பை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் பச்சை இலையைக் கண்ணால் பார்த்து 'நோய் இல்லை' என்று சொல்லமுடியாத இடத்தில், அன்போடு அளவீடும் தேவைப்படுகிறது.

அளக்க முடியுமா? முடியும். நீர் குறைந்த இலை ஆவியாக்குவதையும் குறைக்கும். ஆவியாதல் குறைந்தால் இலையின் சூடு சற்றே ஏறும். இந்த மாற்றத்தையும் இலை எதிரொளிக்கும் நிறமாலையில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்களையும் விமானத்திலிருந்து சிறப்புக் காமிராக்களால் படம்பிடித்து, கண்ணுக்கு அறிகுறி தெரியுமுன்பே நோயுற்ற மரங்களை நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சரியாகக் கண்டுபிடிக்க முடிந்ததாக 2018-இல் ஓர் ஆய்வு அறிவித்தது.

தப்பிய மரங்கள்

எல்லா மரங்களும் சாகவில்லை. பட்டுப்போன தோப்புகளின் நடுவே 'லெச்சினோ' என்ற வகை மரங்கள் தழைத்து நின்றன. சோதித்தபோது அவற்றிலும் பாக்டீரியா இருந்தது. ஆனால் மிகக் குறைவாக இருந்தது. 'எஃப்.எஸ். 17' என்ற புதிய வகையும் அவ்வாறே தாங்கியது. லெச்சினோவின் நீர்க்குழாய்கள் செல்லினாவினுடையவற்றைவிடக் குறுகலானவை என்றும், ஆகவே காற்றுக்குமிழியால் அடைபடுவது குறைவு என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள். அகன்ற குழாய் நல்ல காலத்தில் நிறைய நீர் தரும். கெட்ட காலத்தில் எளிதில் அறுபடும். குறுகிய குழாய் சிக்கனமானது, ஆனால் உறுதியானது. மற்றொரு காரணம், அம்மரத்தின் மரபணுக்கள் பாக்டீரியாவைப் பெருகவிடாமல் தடுப்பது.

நோய் பரவிய பகுதியில் மறுபடி நடுவதற்கு முதலில் அனுமதி பெற்றவை இந்த இரு வகைகளே. சில உழவர்கள் பழைய மரங்களைப் பிடுங்காமல், ஆயிரம் ஆண்டு அடிமரத்தின் மேல் தாங்கும் வகையின் கிளைகளை ஒட்டுக்கட்டிப் பார்க்கிறார்கள். காட்டில் தானாக முளைத்து நோயைத் தாங்கி நிற்கும் கன்றுகளைத் தேடும் பணியும் நடக்கிறது.

இப்போது நினைவில் வைக்கச் சொன்ன வரிக்குத் திரும்புங்கள். 'தெர்ரா தோத்ராந்தோ' என்ற பெயருக்கு உரிமை பெற, நூற்றுக்கு 60 பங்கு செல்லினாவும் ஒலியரோலாவும் வேண்டும் என்று எழுதினார்கள் அல்லவா? சாகின்ற மரங்கள் அந்த இரண்டேதாம்! ஒலியரோலாவும் செல்லினாவும் போய், அதே மண்ணில், அதே வெயிலில், அதே குடும்பங்கள் லெச்சினோவை வளர்த்து எண்ணெய் எடுத்தால், அது ஓத்ராந்தோ நாட்டு எண்ணெய்தானா? மண்ணும் மனிதரும் போதும் என்பார் ஒருவர். மரம் மாறினால் மணம் மாறும், பிறகு பெயர் எதற்கு என்பார் மற்றொருவர்.

அமில அளவும் புற ஊதாக் கதிரும் இதற்கு விடை சொல்லமாட்டா. லெச்சினோவின் எண்ணெயும் முதல்தரத் தேர்வில் தேறக்கூடியதே. விதியை மாற்றுவதா, பழைய வகைகளிலேயே நோயைத் தாங்கும் கிளை ஒன்றைத் தேடிக் காப்பதா என்பதை அந்த மண்ணின் மக்கள்தாம் முடிவு செய்யவேண்டும். என் கருத்தைக் கேட்டால், இரண்டையும் செய்யவேண்டும் என்பேன். இன்றைக்குப் பிழைக்க லெச்சினோ வேண்டும். நாளைக்காகச் செல்லினாவின் வித்தும் அழியாமல் இருக்கவேண்டும். போலிகள் பெயரைத் திருடாமல் சட்டம் காக்கும். ஒரு பூந்தொட்டியில் ஒளிந்து வரும் பாக்டீரியாவைச் சட்டப் புத்தகம் தடுக்காது. துறைமுகத்தில் செடியைச் சோதிப்பவரும், தோப்பில் களையை உழுபவரும், நுண்ணோக்கியில் குழாயை அளப்பவரும் சேர்ந்துதான் அதைத் தடுக்கவேண்டும்.

நுண்புழை ஏற்றச் சோதனையைச் செய்த அந்த மாணவர் கணக்கை முடித்துவிட்டு, "73 செ.மீ.தான் வருகிறது, ஐயா. மீதி உயரத்துக்கு யார் தூக்குகிறார்கள்?" என்று மறுநாள் வந்து கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

செய்து பாருங்கள்

ஒரே செடியில் ஒத்த அளவுள்ள இரண்டு காசித்தும்பைக் கிளைகளைத் தேர்ந்தெடுங்கள். முதல் கிளையை வளைத்து, அதன் அடித்தண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே வெட்டுங்கள். வெட்டுமுனை காற்றுப் படாமல், சிவப்பு மை கலந்த தண்ணீருள்ள கண்ணாடிக் குவளைக்கு உடனே மாற்றுங்கள். இரண்டாவது கிளையைக் காற்றில் வெட்டி, பத்து நிமிடம் வெயிலில் வைத்திருந்து, பிறகு அதேபோன்ற மற்றொரு குவளையில் நிறுத்துங்கள். இரண்டையும் வெயில்படும் சன்னலில் வைத்து, ஒவ்வொரு பத்து நிமிடமும் சிவப்பு எவ்வளவு உயரம் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கிளையில் விரைவாக ஏறுகிறது? ஏன்? விடையை 'நீர் இழை', 'காற்றுக்குமிழி' என்ற இரண்டு சொற்களைக் கொண்டு எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.